பதினொரு மீட்டர் தொலைக்காட்சி

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் நாலறை வீட்டில் ஒரு தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. நிலையம் இருப்பது என் படுக்கையறையில், துணி மடிக்கும் மேசையின் மேல். நேயர்கள் கூடத்தில். நடுவே 11 மீட்டர் கேபிள். (பொழுதுபோக்காக உரிமம் எடுத்து ரேடியோவில் பேசும் ஹாம் ரேடியோ ஆட்களிடம் "11 மீட்டர்" என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். அது சிட்டிசன் பேண்டுக்காரர்களின் அலைநீளம். நான் சொல்வது டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 வயரின் நீளம் மட்டும்.)

இந்தப் பைத்தியம் பிடித்தது மகனால். எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் பலமாடிக் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அனைத்துலக விண்வெளி நிலையம் சில நாள்களில் 145.800 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்பும். அந்த நாள்களில் நானும் அவனும் மொட்டை மாடித் தளத்துக்குப் போய்விடுவோம். கையில் ஒரு வாக்கி டாக்கி, அதன் ஸ்பீக்கர் முன்னால் போன். கீச்சுக் கீச்சென்று சத்தம் வரும், போன் திரையில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக ஒரு படம் இறங்கும். ஒரு படம் முடிய இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். மெதுவாக வருடும் இந்தத் தொலைக்காட்சியை 1950களின் கடைசியில் கோப்தோர்ன் மெக்டொனால்ட் என்கிற அமெரிக்க மாணவர் கண்டுபிடித்தார். எனக்கு இன்னமும் அதைப் பார்க்கும்போது மயிர்க்கூச்செறியும். மகன் நாலாவது படத்தில் கேட்டான்: "அப்பா, இது ஏன் ஆடவே மாட்டேங்குது?"

நியாயமான கேள்வி. ஆடுகிற படத்தை அனுப்பும் ஹாம்களும் உண்டு. பிரிட்டிஷ் அமெச்சூர் தொலைக்காட்சிச் சங்கம் 1949இலேயே தொடங்கிவிட்டது. அனலாக் காலத்தில் ஒரு படத்துக்குப் பல மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். இப்போது சாட்டிலைட் டிவிக்காரர்களின் டிவிபி-எஸ், டிவிபி-எஸ்2 முறைகளையே எடுத்து ஒடுக்கிக்கொண்டார்கள். வினாடிக்கு 333,000 சிம்பல், அதாவது சிக்னல் துணுக்கு, என்று வைத்தால் அகலம் ஏறத்தாழ 450 கிலோஹெர்ட்ஸ்தான். அதற்குள் அசையும் படமும் குரலும் அடங்கிவிடும். 2016இல் விண்வெளி வீரர் டிம் பீக் மேலிருந்து பள்ளிப் பிள்ளைகளோடு ஹாம் ரேடியோவில் பேசியபோது, 2.4 கிகாஹெர்ட்ஸில் இதே டிவிபி-எஸ் வழியாக அவர் முகமும் தெரிந்தது.

உரிமம் எடுத்து ஆறு வருஷமாகிறது. 9வி1 என்று தொடங்கும் என் கால் சைனை (ஹாமின் அடையாளப் பெயர்) வைத்துக்கொண்டு இதுவரை பேசியது, மோர்ஸ் தட்டியது, அவ்வளவுதான். டிவி என்றதும் எல்லாரும் முதலில் சொல்வது கியூஓ-100. 2018 நவம்பரில் மேலே போன கத்தாரின் எஸ்ஹைல்-2 செயற்கைக்கோளில் ஹாம்களுக்கென்று ஒதுக்கிய பகுதி அது, டிவிக்கு மட்டுமே 8 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாக்காரர்கள் சின்ன டிஷ்ஷை வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள். ஈசூனிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது மேற்கே, அடிவானத்துக்கு மேலே மூன்று டிகிரிக்குச் சற்று அதிகம். என் ஜன்னலில் மேற்கே மூன்று டிகிரியில் தெரிவது எதிர் புளோக்கில் ஒரு ஆன்ட்டி காயப்போட்டிருக்கும் போர்வை. போதாததற்கு இந்த ஊரில் வீட்டில் சாட்டிலைட் டிஷ் வைக்கவே தனி அனுமதி வேண்டும். அந்தக் கதையை அங்கேயே மூடிவிட்டேன்.

தரையில் அனுப்பலாமே என்றால், சுற்றிலும் ஆயிரக்கணக்கான வீடுகள். எந்தப் பட்டையில், எவ்வளவு அகலத்தில், எவ்வளவு சக்தியில் என்பதையெல்லாம் அலைவரிசைகளை நிர்வகிக்கும் ஆணையத்திடம் எழுத்தில் கேட்காமல் ஆண்டெனாவை மாட்டுவது எனக்குப் பிடிக்காது. நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். மேலே ஆள் இருக்கிறாரா என்று பார்க்காமல் சுவிட்சைப் போடுகிற பழக்கம் தொழிலிலேயே இல்லை. அதனால் ஆண்டெனா கிடையாது, காற்றில் எதுவும் போகாது, எல்லாம் கேபிளுக்குள் என்று முடிவு செய்தேன்.

அனுப்புவதற்கு புளூட்டோ. அனலாக் டிவைசஸ் நிறுவனம் மாணவர்கள் கற்றுக்கொள்வதற்காகச் செய்த சின்ன நீலப் பெட்டி. லேப்டாப்பில் யுஎஸ்பியில் செருகினால், அதன் எல்லைக்குள் எந்த அலைவரிசையில் எந்த வடிவத்தில் வேண்டுமோ அப்படிச் சிக்னலை உண்டாக்கும். முழுசாகத் திறந்துவிட்டாலும் வருவது சில மில்லிவாட்தான். அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்வதற்கு முதலில் இருபது முப்பது வெள்ளிக்குக் கிடைக்கும் ஆர்டிஎல் ஸ்டிக் என்கிற யுஎஸ்பி ரேடியோ. இரண்டையும் ஒரே லேப்டாப்பில் மாட்டி, நடுவில் சிக்னலைக் குறைக்கும் 60 டெசிபல் அட்டெனுவேட்டர் வைத்து, எஸ்டிஆர்ஏஞ்சல் என்கிற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். முதல் நாள் ராத்திரியே படம் வந்துவிட்டது. லேப்டாப்பின் இடது மூலையில் என் முகம், வலது மூலையில் மூன்று வினாடி கழித்து அதே முகம்.

வெற்றிக் களிப்போடு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார்.

"இது கம்ப்யூட்டர்தானே. பேரன் ஜூம்ல படிக்கிறப்பவே இதெல்லாம் வந்துச்சு."

"இல்லம்மா, இது ரேடியோ அலை. டிவி மாதிரி."

"டிவின்னா டிவில வரணும்."

அதோடு எழுந்து போய்விட்டார். அம்மாவுக்கு இதில் பேச உரிமை உண்டு. 1963இல் சிங்கப்பூரில் தொலைக்காட்சி வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. தாத்தாவுக்கு செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை, அங்கேயே குடியிருப்பு. சாயங்காலம் சமூக நிலையத்தில் இருக்கிற ஒரே டிவி முன்னால் பாய் விரித்து இடம்பிடித்ததை இன்றைக்கும் சொல்வார். எந்த மொழி நிகழ்ச்சி என்பது முக்கியமில்லையாம். முன் வரிசை முக்கியம். அப்படிப்பட்டவர் சொன்னால் கேட்டுத்தான் ஆகவேண்டும். டிவியில் வரவேண்டும்.

எங்கள் கூடத்து டிவிக்குள் இருப்பது டிவிபி-டி2. சிங்கப்பூரில் மீடியாகார்ப் நிறுவனம் அனுப்புகிற தரைவழி முறை. நான் அனுப்புவது சாட்டிலைட் முறை. இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது. அப்போதுதான் திருச்சி அத்தை வீட்டுப் பரணில் கிடந்த பழைய சாட்டிலைட் செட்டாப் பாக்ஸ் ஞாபகத்துக்கு வந்தது. கேபிளுக்கு மாறியபின் அதை யாரும் தொடவில்லை. பொங்கலுக்கு வந்த மச்சான் பெட்டியில் முறுக்கு டின்னோடு அதுவும் வந்து சேர்ந்தது. ரிமோட்டின் பேட்டரி மூடி மட்டும் இல்லை. ரப்பர் பேண்ட்.

இந்தப் பெட்டிகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டிஷ் முனையில் இருக்கும் எல்என்பி, வானத்திலிருந்து வரும் 11 கிகாஹெர்ட்ஸை 950இலிருந்து 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கித்தான் கேபிளில் அனுப்பும். பெட்டிக்குத் தெரிந்தது அந்த இறங்கிய சிக்னல் மட்டுமே. ஆகவே எல்என்பியே இல்லாமல் நேராக 1255 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிக்னலைக் கொடுத்தால் அது கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். மெனுவில் மட்டும் பொய் சொல்லவேண்டும்: எல்என்பி வழக்கமாகக் கழிக்கும் 9750ஐக் கூட்டி, 11005இல் ஒரு சேனல் இருக்கிறது என்று. இல்லாத டிஷ்ஷில், இல்லாத செயற்கைக்கோளில், இல்லாத சேனல்.

1255 என்பது உலகில் பல நாட்டு ஹாம்கள் டிவிக்குப் பயன்படுத்தும் 23 சென்டிமீட்டர் பட்டைக்குள் வருகிறது. அதே பட்டையில் வழிகாட்டும் செயற்கைக்கோள்களும் இருக்கின்றன, ஐரோப்பாவின் கலிலியோ அனுப்பும் ஒரு சிக்னல் 1278.75இல். இதனாலேயே 2023இல் துபாயில் நடந்த உலக வானொலி மாநாட்டில் இந்தப் பட்டை பெரிய பேச்சாயிற்று. கேபிளுக்குள் இருக்கும்வரை எனக்கு அந்தத் தகராறு இல்லை.

கேபிள் இழுத்தேன். படுக்கையறைக் கதவுக்கு மேலே, காலணி அலமாரிக்குப் பின்னால், சாமி மாடத்துக்குக் கீழே. மனைவி இரவுப் பணி முடிந்து வந்து பார்த்தாள். மருத்துவமனையில் எத்தனையோ வயர் பார்த்தவள். "இது எத்தனை நாளுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. புளூட்டோவிலிருந்து ஒரு மில்லிவாட். 30 டெசிபல் அட்டெனுவேட்டர் போட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு. கேபிளில் கிட்டத்தட்ட 3 டெசிபல் போகும். புளூட்டோ 50 ஓம், பெட்டி 75 ஓம், அந்தப் பொருத்தக்குறையால் திரும்புவது நூற்றில் நாலு பங்குதான், விட்டுத்தள்ளலாம். பெட்டிக்குப் பிடித்தமான அளவில் சிக்னல் போய்ச் சேரும். பெட்டிப் பக்கத்திலேயே அட்டெனுவேட்டரைத் திருகி, பவர் போட்டு, ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 11005, அலையின் திசை செங்குத்து, சிம்பல் வேகம் 2000, தேடு.

ஒன்றும் இல்லை. மறுபடி தேடு. மூன்றாவது தடவை தேடும்போது கூடத்தில் ஏதோ வாசம். சமையலறையில் அடுப்பு அணைந்திருந்தது. பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு அட்டெனுவேட்டரைத் தொட்டேன். விரலில் கொப்புளம்.

எல்என்பிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். அதே கேபிளில், அதே பெட்டியிலிருந்து! செங்குத்து என்றால் 13 வோல்ட், கிடைமட்டம் என்றால் 18. நான் வைத்திருந்த இரண்டு வாட் அட்டெனுவேட்டர், உள்ளே ஐம்பது சொச்சம் ஓம், மூன்று வாட்டுக்கு மேல் சூட்டைத் தாங்கிக்கொண்டு அமைதியாக வெந்திருக்கிறது. தினமும் மின்தூக்கி மேலே ஏறி மின் இணைப்பை அறுத்து, பூட்டுப் போட்டு, அட்டை தொங்கவிட்டு வேலை பார்க்கிறவன் நான். வீட்டில் ரிமோட்டைப் பிடித்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. இதை வேலையிடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நல்லவேளை, அட்டெனுவேட்டர் குறுக்கே நின்று புளூட்டோவைக் காப்பாற்றியிருந்தது. மறுநாள் வேலை முடிந்து ஜாலான் புசாரில் இறங்கி சிம் லிம் டவருக்குப் போனேன். முன்பெல்லாம் இப்படி ஏதாவது வேண்டுமென்றால் சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தையில் தரையில் விரித்திருப்பதைக் கிளறினாலே கிடைத்துவிடும். 2017 ஜூலையில் அதை மூடியபிறகு எனக்கு சிம் லிம் டவர்தான் கதி. கடைக்கார அங்கிள் என் விரல் பிளாஸ்டரைப் பார்த்தார், வாங்கும் பொருளைப் பார்த்தார், சிரித்தார். 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, நடுக் கம்பியை வெட்டி அதன் குறுக்கே வைத்துப் பற்றவைத்தால் நேர்மின்சாரம் தாண்டாது, 1255 மெகாஹெர்ட்ஸ் தாராளமாகத் தாண்டும். சில காசு விலை.

இப்போது தேடியதும் கிடைத்தது. டிவித் திரையில் ஒரே ஒரு சேனல். பெயர்: "சர்வீஸ்01".

நான் பெயர் வைக்க மறந்தால், படத்தைச் சுருக்கித்தரும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் தானாகவே வைக்கும் பெயர் அது. இருந்தாலும் அத்தை வீட்டுப் பெட்டியில், எங்கள் வீட்டு டிவியில், நான் உண்டாக்கிய ஒரு சேனலின் பெயர் வந்ததைப் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன். ஓகே அழுத்தினேன். அறையில் மகன் பேசுவது தெளிவாகக் கேட்டது. திரை கறுப்பு.

இதற்கு இரண்டு ராத்திரி போனது. சிக்னல் மீட்டர் நிறைய, சத்தம் சுத்தம், படம் மட்டும் இல்லை. சிக்னல் சரியில்லை என்றால் சத்தமும் வராதே. கடைசியில் பார்த்தால் அந்தப் பெட்டி, படத்தைச் சுருக்கும் பழைய முறையான எம்பெக்-2 காலத்து ஆள். நான் அனுப்பியது அதற்குப் பின்னால் வந்த எச்.264. தெரியாத பாஷையில் எழுதிய கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை. எம்பெக்-2க்கு மாற்றினேன். அது இடம் அதிகம் கேட்கும் முறை. பெட்டியும் 2000 கிலோ சிம்பலுக்குக் கீழே எதையும் ஏற்காது என்பதால் நல்லதாய்ப் போயிற்று: ஒரு சிம்பலுக்கு இரண்டு பிட் என்று 2000ஐ இரண்டால் பெருக்கி, பிழைதிருத்தம் போக முக்கால் பங்கு, அதற்கு மேல் இன்னொரு பாதுகாப்புப் போக, வினாடிக்கு 2.76 மெகாபிட் கையில் நிற்கும்.

அந்த 2.76 அப்படியே நிரம்பியிருக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு நேரமெடுத்தது. படம் அசையாதபோது தகவல் குறைவாக வரும். அதற்காக அனுப்புவதை நிறுத்தினால் வாங்குகிற பெட்டி தடுமாறி விழுந்துவிடும். அதனால் 188 பைட் கொண்ட வெற்றுப் பொட்டலங்களைச் செய்து இடையிடையே சொருகுவார்கள். அதிகாலையில் ஈசூனில் முதல் ரயில் ஏறியிருக்கிறீர்களா? பெட்டியில் நாலு பேர் இருப்போம். ஆள் இல்லை என்று ரயில் நிற்பதில்லை, கதவு மூடி நேரத்துக்குப் போய்விடும். அந்தக் காலி இருக்கைகள்தான் இந்தப் பொட்டலங்கள். இதைத் தவறாக வைத்தால் படம் பத்து வினாடி ஓடும், விக்கும், மறுபடி ஓடும். எங்கள் வீட்டில் அதற்கு "டிவிக்கு விக்கல்" என்று பெயர்.

சேனல் பெயரில் என் கால் சைனைப் போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவைச் சோபாவில் உட்காரவைத்து ரிமோட்டை அவர் கையிலேயே கொடுத்தேன். அழுத்தினார். அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பேரன் டிவியில் வந்தான். நாக்கை நீட்டினான். அம்மா திரையைப் பார்த்தார், கதவு வழியாக உள்ளே பார்த்தார், திரும்பத் திரையைப் பார்த்தார்.

"உள்ள வாயை மூடிட்டான். இதுல இன்னும் நாக்கை நீட்டிக்கிட்டு இருக்கான்."

"மூணு செகண்டு லேட்டா வரும்மா. சுருக்கி அனுப்பி, இங்க பிரிச்சு..."

"சரி சரி. இது டிவிதான்."

சான்றிதழ் கிடைத்துவிட்டது.

அடுத்த அரை மணி நேரம் நான் காட்ட விரும்பியதைக் காட்டினேன். புளூட்டோவில் சிக்னலைக் கால் கால் டெசிபலாகக் குறைக்கலாம். குறைத்துக்கொண்டே போனேன். படம் அப்படியே கண்ணாடி மாதிரி நின்றது. பத்து டெசிபல், இருபது, ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் ஒரே ஒரு கால் டெசிபலில் பேரன் முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது. இன்னும் இரண்டு சொடுக்கு, "சிக்னல் இல்லை". டிஜிட்டல் இப்படித்தான், படிக்கட்டு கிடையாது, பள்ளம். டிவிபி-எஸ்2இல் பிழைதிருத்தத்தை அதிகமாக வைத்தால் அந்தப் பள்ளத்தைத் தள்ளிப்போடலாம். கால் பங்கு மட்டுமே படம், மிச்சமெல்லாம் பாதுகாப்பு என்றால் சிக்னல் இரைச்சலைவிட 2 டெசிபல் கீழே இருந்தாலும் பிடிக்கும். பத்தில் ஒன்பது பங்கு படத்துக்கு என்று பேராசைப்பட்டால் 6 டெசிபலுக்கு மேல் வேண்டும். ஆனால் பள்ளம் பள்ளம்தான்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "உங்க அப்பா ஆண்டெனாவைத் திருப்புவாரே, அதுல மங்கலாவாச்சும் தெரியும்ல" என்றார். உண்மை. ஆண்டெனாவை ஜோகூர் பக்கம் திருப்பி மலேசியாவின் ஆர்டிஎம்மில் தமிழ்ப் படம் பார்த்த வீடு எங்களுடையது. திரையெல்லாம் புள்ளி மழை, அதற்குள்ளே யாரோ அழுதுகொண்டிருப்பார்கள். யார் என்று குரலை வைத்துத்தான் தெரியும். அப்பா ஜன்னலில் தொங்கிக்கொண்டு "வருதா? வருதா?" என்பார். "இப்போ பரவாயில்ல" என்போம். அந்தப் பரவாயில்லை என்கிற இடம் டிஜிட்டலில் இல்லை. இங்கே அனலாக்கை 2019 ஜனவரித் தொடக்கத்தில் நிறுத்தியபோது அப்பா இல்லை.

பிறகு அம்மா ஒரு முருகன் பாட்டுப் போடச் சொன்னார். ஹாம்கள் பாட்டு ஒலிபரப்பக்கூடாது, எங்களுக்கு இருப்பது பேசிப் பரிசோதிக்கிற உரிமைதான் என்றேன். "காத்துல போகலைன்னு நீதானே சொன்ன? என் வீட்டுக் கம்பியில முருகன் பாட்டுக்கு யாரு உரிமம் கேப்பா?" பதில் இல்லை. போட்டேன்.

பாட்டு முடிந்ததும் அவர் எழுந்து அறைக்குள் போனார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்தார். கூடத்திலிருந்து பேரன் கத்தினான், "பாட்டி, நீங்க டிவில!" உடனே எழுந்து வந்தார், தன்னைப் பார்க்க. வந்து சேர்வதற்குள் திரையில் வெறும் நாற்காலி. திரும்பப் போனார். உட்கார்ந்தார். இந்த முறை வேகமாக வந்தார். வெறும் நாற்காலி. கண்ணாடியில் பார்த்துக்கலாமே என்று மகன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

"மூணு செகண்டு பத்தலை" என்றார் என்னிடம். "கூட்ட முடியுமா?"

தாமதத்தைக் குறைக்கத்தான் ஹாம்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். யாரும் கூட்டச் சொல்லிக் கேள்விப்பட்டதில்லை. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து அம்மாவை நடக்கச் சொன்னேன். நாற்காலியைப் பிடித்து எழுந்து, கதவைத் தாண்டி, சோபாவில் அமர 14 வினாடி. முட்டி வலி இல்லாத நாளில் 12 இருக்கும் என்றார். பொட்டலங்களைப் பிடித்துவைத்து வரிசை மாறாமல் தாமதமாக விடுகிற சின்ன பைத்தான் நிரல் ஒன்று எழுதினேன். 20 வினாடிக்குக் கணக்குப் பார்த்தால், காலிப் பொட்டலங்களையும் சேர்த்து, ஏழு மெகாபைட்கூட இல்லை.

அம்மா முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்தார். கேமராவைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். எழுந்தார், நடந்தார், சோபாவில் உட்கார்ந்தார். டிவியில் வந்தார்.

மூன்று பேரும் பார்த்தோம். திரையில் இருந்தவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார், இடதுபக்கமாக நடந்து மறைந்தார். அப்புறம் நாற்காலி மட்டும். அதற்குப் பின்னால் ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்த என் பனியன்கள்.

"தம்பி, அந்தத் துணியை எடுத்துட்டு ஆரம்பிச்சிருக்கக் கூடாதா? எல்லாரும் பாக்குறாங்க."

எல்லாரும் என்றால் நான், மகன், அம்மா. போய் எடுத்து மடித்து வைத்துவிட்டு வந்தேன். இருபது வினாடி கழித்து, அதுவும் வந்தது.